காயத்துக்கும் பசிக்கும் மாப்ளே

வா மாப்ளே. நொண்டிக்கிட்டு வர்றதைப் பாத்தா தைப்பூசத்துக்கு இப்பவே ஒத்திகை பாக்குறியோன்னு நெனச்சேன். உக்காரு. காலைத் தூக்கி எதிர் நாற்காலியில வைக்காதே. தேக்காவுல மத்தியான நேரத்துல நாற்காலிக்கு என்ன கிராக்கின்னு தெரியுமில்ல? இந்தச் சிங்கப்பூர்ல டிஷ்யூ பாக்கெட்டை வெச்சுத்தான் இடம் பிடிப்பாங்க. கட்டுப் போட்ட காலை வெச்சு இடம் பிடிச்ச முதல் ஆளுன்னு உன்னை எவனாவது படம் எடுத்துப் போட்டுருவான்.

தீபாவளிக்கு வாங்கின புதுச் செருப்பு கடிச்ச காயம். பொங்கல் வந்து போயி, பானையையும் கழுவிக் கவுத்தாச்சு. உன் காயத்துக்கு மட்டும் கிளம்புற உத்தேசமே இல்ல. பையில என்ன? கொட்டு பாப்போம். அடேயப்பா! கொலாஜன் பவுடர் ஒரு டப்பா. வைட்டமின் சி, மாத்திரை ஒண்ணு 1,000 மில்லிகிராம். ஜிங்க்கு மாத்திரை. நியூசிலாந்துத் தேன். போதாக்குறைக்கு வாட்ஸ்அப்புல எவனோ வித்த மூலிகை உருண்டை. எல்லாம் சேத்து எத்தனை வெள்ளி? சொல்ல மாட்டே. பரவாயில்ல, மருமவகிட்டக் கேட்டுக்கறேன்.

சரி, காலையில என்ன சாப்பிட்டே? கஞ்சி. நேத்து மத்தியானம்? ரசம் சோறு, பூசணிக்காய். ராத்திரி? ரொட்டியில சீனி தூவி. நடுவுல ரெண்டு தே தாரிக். ஆக, பையில ஒரு மருந்துக் கடை இருக்கு, வயித்துல வெறும் மாவு இருக்கு. பத்தியமாம்! யாரு போட்ட பத்தியம்? எங்க அக்காவா? நெனச்சேன்.

உங்க அம்மாவைக் குறை சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது, அதனால மெதுவாச் சொல்றேன். முட்டை தின்னா சீழ் பிடிக்கும், மீன் தின்னா புண்ணு பழுக்கும், கத்திரிக்கா கரப்பான், கோழி சூடு, தயிர் குளிர்ச்சி. இதெல்லாம் போக மிச்சம் இருக்குறது உப்பும் தண்ணியும்தான். இதுல நம்மாளுங்களை மட்டும் சொல்லக் கூடாது. என் புளோக்குல கீழ்வீட்டுச் சீனக் கிழவி இருக்காளே, காயம்பட்டவன் முட்டையையும் கோழியையும் தொடக் கூடாதும்பா, கறுப்பு சோயா சாஸ் ஊத்தினா வடு கறுத்துப் போகும்னு வேற பயமுறுத்துவா. எதிர்வீட்டு மலாய் மக்சிக்குப் புண்ணுன்னா முட்டை, இறால், கோழி மூணும் பந்தாங், அதாவது ஆகாது, அரிக்குமாம். மூணு இனமும் ஒரே லிஃப்டுல ஏறினா யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க. ஆனா கோழி முட்டையைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்துறதுல மட்டும் அப்படி ஒரு இன நல்லிணக்கம்.

நான் ஆறாவதோட நின்னவன் மாப்ளே, ஜொகூர் தோட்டத்துல பால் மரம் வெட்டின கை. ஆனா என் பேத்தி நர்சு. காயத்துக்குன்னே தனி கிளினிக்கு வெச்சிருக்காங்கல்ல, அங்க வேலை. ராத்திரி சோத்துத் தட்டு முன்னால உக்காந்து சீழு, அழுகலு, புண்ணுன்னு பேசலேன்னா அவளுக்குக் கவளம் இறங்காது. கேட்டுக் கேட்டு நானும் பாதி டாக்டராயிட்டேன். மீதிப் பாதியைப் படிக்கத்தான் உன்னைப் போல ஆளுங்க வந்து மாட்டுறீங்க. ஒவ்வாமை இருக்குறவன் முட்டையை ஒதுக்கட்டும், அது நியாயம். ஒவ்வாமை இல்லாதவனுக்கு முட்டையால புண்ணு சீழ் பிடிச்சதா அவ படிச்ச எந்தப் பாடத்துலயும் இல்லையாம். சீழ் பிடிக்கிறது கிருமியால. கிருமி முட்டை ஓட்டுக்குள்ளேருந்து உன் குதிகாலுக்கு நடந்து வர்றதில்ல.

செருப்பு உன் தோலை உரிச்சுதே, அந்த நிமிசத்துலேருந்து உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன் கேளு. முதல்ல ரத்தம் உறையுது. அப்புறம் வெள்ளணுக்கள் கூட்டமா வந்து கிருமியையும் செத்த சதையையும் தின்னு சுத்தம் பண்ணுது. செவந்து, வீங்கி, சுடுதேன்னு நீ பதறுற அந்த நாலஞ்சு நாளு அதுங்க வேலை செய்ற நாளு. பொறவு நார் நெய்யிற அணுக்கள் வந்து கொலாஜனை நெய்யும், புது ரத்தக் குழாய் முளைக்கும், காயத்து ஓரத்துலேருந்து தோலணுக்கள் நகந்து வந்து மூடும். மூடினதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே. அவசரத்துல நெய்த நாரைப் பிரிச்சுத் திரும்ப முறுக்கிக் கட்டுற வேலை ஒரு வருசத்துக்கு மேலயும் நடக்கும். அத்தனையும் நடந்த பிறகும் அந்த இடத்துத் தோலுக்குப் பழைய பலத்துல 80 சதவீதத்துக்கு மேல திரும்பாது.

வெள்ளணுவும் நாரும் தோலும் எதுலேருந்து வருது? புரதத்துலேருந்து. நீ என்ன குடுத்தே? பூசணிக்காய்.

வரவு பத்தாத வீட்டுல என்ன ஆகும்? சிராங்கூன் ரோட்டு அடகுக் கடைக்கு வளையல் போகும். உன் உடம்பும் அதைத்தான் பண்ணுது. சாப்பாட்டுல புரதம் வரலேன்னா தொடைச் சதையைக் கொண்டு போய் அடகு வெச்சு, அந்தக் காசுல காயத்துக்குக் கொடுக்கப் பாக்குது. வளையலையாவது போனஸ் வந்தா மீட்டுக்கலாம். அம்பது வயசுக்கு மேல தொடைச் சதையை மீட்டவன் எத்தனை பேருன்னு இந்த ஹாக்கர் சென்டர்ல எந்திரிக்கக் கஷ்டப்படுற பெருசுங்களை எண்ணிப் பாரு. அதுக்காகச் சோத்தை அறவே நிறுத்திடாதே. எரிக்கிறதுக்கு மாவுச்சத்தோ கொழுப்போ இல்லேன்னா, தின்ன புரதத்தையே உடம்பு அடுப்புல போட்டுரும்.

எவ்வளவு வேணும்னு கேக்குறியா? இப்பத்தான் மாப்ளே புத்திசாலியாயிட்டே. சும்மா இருக்குறவனுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும். படுக்கைப் புண்ணுக்காக 2019ல ஐரோப்பா, அமெரிக்கா, பசிபிக் பக்கத்து அமைப்புங்க சேந்து ஒரு வழிகாட்டி போட்டாங்க, அந்தப் பசிபிக் கூட்டத்துல சிங்கப்பூரும் உண்டு. சத்துக் குறைஞ்ச புண்ணுக்காரனுக்குக் கிலோவுக்கு 1.25லேருந்து 1.5 கிராம் வரைக்கும் குடுன்னு அதுல இருக்கு. உன்னை 60 கிலோன்னு வெச்சுக்குவோம். தொப்பையைக் கணக்குல சேக்க வேண்டாம், அதுக்குத் தனி அடையாள அட்டை வாங்கணும். 75லேருந்து 90 கிராம் வருது. ஒரு முட்டையில 6 கிராம். உள்ளங்கை அளவு மீன் துண்டு, 100 கிராம் இருந்தா 20க்கு மேல. ஒரு தம்ளர் பால் 8. வெந்த பருப்பு 100 கிராமுக்கு 9. தெம்பே அதே 100 கிராமுக்கு 19 வரைக்கும் வரும், அதை மக்சிகிட்டக் கேட்டாலே வறுத்துத் தருவா. உன் கஞ்சியிலயும் ரசத்துலயும் எவ்வளவுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சாம்பார் ஊத்துனேன்னு சொல்லாதே. சில கடைச் சாம்பார்ல பருப்பைக் கண்டுபிடிச்சவனுக்குப் பரிசே கொடுக்கலாம்.

என்ன முணுமுணுக்குறே? காவடி எடுக்குறவங்க சைவ விரதம் இருந்துதானே அலகு குத்துறாங்க, அவங்களுக்கு மட்டும் எப்படி ஆறுதுன்னா? நல்ல கேள்வி. விரதம்னா அவங்க மாமிசத்தை விடுறாங்க, சாப்பாட்டை விடலே. பால் இருக்கு, தயிர் இருக்கு, பருப்பு இருக்கு. குத்துற வேலு மெல்லிசு, சுத்தம். குத்துற இடம் கன்னமும் நாக்கும், ரத்தம் தாராளமா ஓடுற இடம். பெருமாள் கோயில்லேருந்து தேங்க் ரோடு வரைக்கும் அத்தனை பாரத்தோட நடக்குறவன் உடம்பு எப்படி இருக்கும்? நீ லிஃப்டு ரிப்பேர்னா மூணாவது மாடிக்கு ஏற மாட்டாம கீழ்த்தளத்துலயே உக்காந்துக்குற ஆளு. முருகனை உன் செருப்புக்கடிக்குச் சாட்சி கூப்பிடாதே.

சாட்சி வேணும்னா உன் தாத்தாவைக் கூப்பிடு. நீ அவரைப் பாத்ததில்ல. எங்க அப்பா இடது கால்ல, முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். சின்ன வயசுல நான் அதுல கோலிக்குண்டை வெச்சு விளையாடுவேன். 1943ல சப்பான்காரன் அவரைத் தோட்டத்துலேருந்து லாரியில ஏத்திக்கிட்டுப் போனான். சயாம் ரயில்பாதை போடத்தான். தாய்லாந்து பான் போங்லேருந்து பர்மா தன்பியூசாயாட் வரைக்கும் 415 கிலோமீட்டரு, 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. இங்க சாங்கியில பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்ங்களையும் ரயில்ல அடைச்சுக் கொண்டு போனாங்க. கைதிங்க அறுபதாயிரத்துக்கும் மேல, செத்தது 12,000க்கும் மேல. அது கல்லுல வெட்டி, பேரு பேரா இருக்கு. ஆசியத் தொழிலாளிங்க அதை விடப் பல மடங்கு, மலாயாத் தோட்டத்துத் தமிழங்க எக்கச்சக்கம். செத்தவங்க 90,000ன்னு ஒரு மதிப்பீடு. பேரு கிடையாது.

அங்க ஆளைக் கொன்னது காலரா, மலேரியா, அடி, பட்டினி. ஆனா கால் போனது எதால தெரியுமா? மூங்கில் கீறலால. உன் செருப்புக்கடி அளவுகூட இருக்காது. தீட்டின அரிசிச் சோறும், தண்ணியா ஒரு காய்க் குழம்பும் தின்னு தின்னு ஒட்டின உடம்புல அந்தக் கீறல் ஆறாம, கிருமி புகுந்து, சேறு பட்டு, சில நாள்ல எலும்பு தெரியிற புண்ணாயிரும். மருந்து இல்ல. கரண்டியோட விளிம்பைத் தீட்டி அழுகலைச் சுரண்டுவாங்க, மயக்க மருந்தெல்லாம் கிடையாது. ஆல்பர்ட் கோட்ஸ்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர் பர்மாப் பக்கத்துல 55ஆவது கிலோமீட்டர் முகாம்ல நூத்துக்கும் மேல காலை எடுத்தாரு. சிப்பாய்ங்களுக்காவது கூடவே டாக்டர் இருந்தாங்க. நம்ம சனத்துக்குப் பல முகாம்ல அதுவும் இல்ல.

கைதிங்க என்ன பண்ணாங்க? கிடைச்ச சொற்பச் சம்பளத்துல ஒரு பங்கைப் பொதுவுல போட்டு, சயாம் வியாபாரிங்ககிட்ட நோயாளிங்களுக்கு வாத்து முட்டை வாங்கினாங்க. வாத்து முட்டை, மாப்ளே! உங்க தாத்தா இடுப்புல இருந்த வெள்ளி அரைஞாணை வித்து அதைத்தான் வாங்கித் தின்னேன்னு சொல்வாரு. முட்டை ஒண்ணுதான் அவரைக் காப்பாத்துச்சுன்னு நான் சொல்ல வரலே, அதிர்ஷ்டமும் வேணும். ஆனா அந்த மனுசன் பேரன், குளிரூட்டின வீட்டுல உக்காந்து, டஜன் முட்டை குளிர்பெட்டியில இருக்கும்போது, சீழ் பிடிக்கும்னு தொட மாட்டேங்குறான். அவரு இருந்திருந்தா உன் இன்னொரு கால்லயும் ஒரு காயம் உண்டாயிருக்கும்.

சரி, முகத்தைத் தூக்காதே. உன் மருந்துக் கடைக்கு வருவோம்.

வைட்டமின் சி. நல்ல சரக்கு, பொய் சொல்ல மாட்டேன். கொலாஜனை நெய்யும்போது நாரை இறுக்கி முறுக்குறதுக்கு அது இல்லாம முடியாது. 1740கள்ல ஆன்சன்னு ஒரு இங்கிலீசுத் தளபதி கப்பல்ல உலகத்தைச் சுத்தினாரு. காய் பழம் இல்லாம மாலுமிங்களுக்கு ஸ்கர்வி வந்து ஈறு அழுகிச் செத்தாங்க. அதுல ஒரு கிழவன். அயர்லாந்துல பாய்ன் ஆத்தங்கரையில 1690ல நடந்த சண்டையில காயம்பட்டு ஆறினவன். அம்பது வருசத்துக்கு அப்புறம் கப்பல்ல அந்தக் காயம் ஆறவே இல்லாத கணக்கா திரும்பப் பொளந்துக்கிச்சு. வடுவுக்குள்ள இருக்குற கொலாஜனை உடம்பு சாகுற வரைக்கும் பிரிச்சுப் பிரிச்சுப் புதுசாக் கட்டிக்கிட்டே இருக்கு, சத்து நின்னா கட்டுறது நிக்கும், பிரிக்கிறது நிக்காது. இதைப் பேத்தி சொன்ன அன்னிக்கு ராத்திரி நான் என் அப்பெண்டிக்ஸ் தழும்பைத் தடவிப் பாத்துக்கிட்டேதான் படுத்தேன்.

உடனே ரெண்டு மாத்திரையை வாயில போடாதே, மிச்சக் கதை இருக்கு. 1939ல பாஸ்டன்ல ஜான் கிராண்டன்னு ஒரு இளம் டாக்டர், உன்னை விடப் பிடிவாதக்காரர், ஆறு மாசம் காய் பழம் எதுவும் தொடாம ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டைன்னு தின்னுக்கிட்டு, வைட்டமின் சி இல்லாம இருந்து பாத்தாரு. மூணாவது மாசம் முதுகுல வேணும்னே வெட்டிக்கிட்டாரு. ஒழுங்கா ஆறிச்சு! ஆறாவது மாசம் திரும்ப வெட்டிக்கிட்டாரு. மேல்தோல் மூடிக்கிச்சு, உள்ள திறந்து பாத்தா உறைஞ்ச ரத்தம்தான், கொஞ்சமும் கூடலே. வைட்டமின் சி-யை ஊசியில ஏத்தினாங்க, பத்து நாள்ல உள்ளேயும் கூடிச்சு. இதுல நீ எடுத்துக்க வேண்டியது என்ன? காயம் ஆறாமப் போகணும்னா மாசக் கணக்குல அந்தச் சத்து அடியோட இல்லாம இருக்கணும். வீவக ஓரறை வீட்டுல தனியா இருந்துக்கிட்டு மூணு வேளையும் கோப்பியும் பிஸ்கட்டும் நனைச்சுத் தின்னு காலத்தை ஓட்டுற கிழங்கட்டைங்களுக்கு அப்படி ஆகலாம். அவங்களுக்கு மாத்திரை குடுத்தா புண்ணியம். நீ? 100 கிராம் கொய்யாவுல 200 மில்லிகிராமுக்கும் மேல இருக்கு, அந்தா அந்தப் பழக் கடையில நறுக்கியே வெச்சிருக்கான். ஒரே நாள்ல 1 கிராமுக்கு மேல போனா உடம்பு பாதியைக் கூட உள்ள வாங்குறதில்ல. வாங்கினதுலயும் மிஞ்சினதைச் சிறுநீரகம் வெளிய தள்ளிரும். உன் காசுல பாதி கழிவுநீரைச் சுத்தம் பண்ற நியூவாட்டர் ஆலைக்குத்தான் போகுது. ஊருக்கு நல்லது பண்றே, பண்ணு.

ஜிங்க்கு. இதைத் துத்தநாகம்னு சொன்னா நீ கூரைத் தகடுன்னு நெனச்சுக்குவே. மனுசனுக்கு இது பத்தாமப் போகும்னு உலகத்துக்குச் சொன்னதே நம்ம பீகார்ல பொறந்த ஆனந்த பிரசாத்துதான், ஈரான்ல வளத்தியில்லாத பையன்களைப் பாத்து 1960கள்ல எழுதினாரு. 1967ல அமெரிக்காவுல போரிஸ்னு ஒரு டாக்டர் விமானப்படைப் பையன்களுக்கு அறுவைக் காயத்துக்கு ஜிங்க்கு கொடுத்தாரு. கொடுத்தவங்களுக்குச் சராசரி 46 நாள்ல ஆறிச்சு, கொடுக்காதவங்களுக்கு 80 நாள். ஊரே ஜிங்க்குப் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சுது. அப்புறம் பலபேரு செஞ்சு பாத்தா, உடம்புல குறைவா இருக்குறவனுக்குத்தான் பலன், நிறைவா இருக்குறவனுக்கு ஒண்ணும் இல்ல. மாசக் கணக்குல அளவுக்கு மேல முழுங்கினா குடல் செம்பை உள்ள விடாது. கொலாஜன் நார்களை ஒண்ணோடொண்ணு பிணைக்கச் செம்பு வேணும். ஆக காயத்தை ஆத்தப் போயி காயத்துக்கே வேட்டு. கறி, மீன், நண்டு, பருப்பு தின்னா போதும். இட்லி மாவு புளிக்கும்போது ஜிங்க்கைக் கட்டி வைக்கிற சரக்கு ஓரளவு கழண்டுரும். அந்தப் பெருமையை மட்டும் உங்க அம்மாகிட்டச் சொல்லு, சந்தோசப்படும்.

கொலாஜன் டப்பாவுக்கு என்ன நியாயம் வெச்சிருக்கே? தோலு கொலாஜன், அதனால கொலாஜனைத் தின்னா தோலு வரும். அப்ப மூளையைத் தின்னா மூளை வரணுமே, உனக்கு எத்தனை ஆட்டு மூளை வறுவல் வாங்கிக் குடுத்திருக்கேன்! வயித்துக்குள்ள போனா அதுவும் துண்டு துண்டா அறுபட்டுப் போற புரதம்தான். அதுலயும் டிரிப்டோபேன்னு அவசியமான ஒரு துண்டு அதுல கிடையாது, முட்டையில இருக்கு. தேனை டாக்டர் புண்ணு மேல போடுறதுக்குன்னு சுத்திகரிச்சு விக்கிறாங்க, அது வேற சரக்கு. நீ வாங்கினது நாக்குல போடுறது. நாக்குல போட்டா சீனிதான், நியூசிலாந்துலேருந்து விமானத்துல வந்திருந்தாலும் சீனிதான்.

அந்த மூலிகை உருண்டையை மட்டும் எங்கிட்டக் குடு. குடுன்னா! மூட்டு வலி, உடம்பு வலி எல்லாம் ரெண்டே நாள்ல பறந்துச்சுன்னு சொல்றியே, அதுதான் எனக்குப் பயம். இப்படி விக்கிற ஜாமு, உருண்டை, சூரணத்துல திருட்டுத்தனமா டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்குன்னு சுகாதார அறிவியல் ஆணையம் எத்தனையோ தடவை எச்சரிச்சிருக்கு. ஸ்டீராய்டு. வலி பறக்கும், கூடவே காயம் ஆறுறதும் பறக்கும், சீனியும் ஏறும். டாக்டரே எழுதிக் குடுத்த ஸ்டீராய்டுன்னா சில பேருக்கு வைட்டமின் ஏ சேத்துப் பாப்பாங்க, அது ஓரளவு ஈடுகட்டும்னு அறுபதுகள்லயே கண்டுபிடிச்சிருக்காங்க. நீயா எதையும் சேக்க வேண்டாம், நீயா நிறுத்தவும் வேண்டாம். இந்த உருண்டையை டாக்டர்கிட்டக் கொண்டு போய்க் காட்டு.

சீனின்னு சொன்னதும் தலையைக் குனியுறே. இனிப்பு நீர் எவ்வளவு இருக்கு? மூணு மாசச் சராசரி? 9ஆ! அதை மொதல்ல சொல்லித் தொலைச்சிருந்தா நான் இவ்வளவு தொண்டைத் தண்ணி வத்தப் பேசியிருக்க வேண்டாமே. ரத்தத்துல சீனி அவ்வளவு ஏறினா வெள்ளணுக்கு வேலை ஓடாது, ரத்தக் குழாய் அடைக்கும், நரம்பு மரத்துப் போகும். நீ திங்குற முட்டையோட சத்து குதிகாலுக்குப் போகணும்னா அங்க ரத்தம் போகணுமில்ல? 2017 தேசிய தினப் பேரணியில அப்பப் பிரதமரா இருந்த லீ சியன் லூங்கே சொன்னாரு, 60 வயசு தாண்டின இந்தியர்கள்ல 10 பேருக்கு 6 பேரு இனிப்பு நீர்க்காரங்கன்னு. இந்த ஊருல மத்த எதுலயாவது நாம முதல்ல வந்திருக்கோமா? 2022 கடைசியிலேருந்து டப்பா பானத்துல ஏ, பி, சி, டின்னு எழுத்துப் போடுறாங்க, நீ டி-யைப் பாத்து "டபுள் ருசி"ன்னு எடுத்துக்குறே. தே தாரிக்கை நிறுத்து. கோப்பி ஓ கோசோங். கசக்கும். கசக்கட்டும்.

இரு, அந்தக் காலைக் காட்டு. கட்டு மேல என்ன செருப்பு இது? அடப்பாவி, அதே செருப்பா? கடிச்ச செருப்பையே கட்டுக்கு மேல மாட்டிக்கிட்டு நடக்குறியா! ஏன், வலிக்கலியா? வலிக்கலே. ம். வலிக்காததுதான் மாப்ளே வியாதி. நல்ல நரம்பு இருந்திருந்தா கார்த்திகையிலேயே இதைக் கழட்டி எறிஞ்சிருப்பே. விராலும் வேண்டாம் வைட்டமினும் வேண்டாம், தினமும் அதே இடத்துல செருப்பு உரசினா எந்தச் சத்தும் ஒண்ணும் பண்ணாது. கழட்டு. வெறுங்காலோட நடக்காதே, எதிர்க்கடையில மெத்துனு ஒண்ணு வாங்கி மாட்டு. நாளைக்குக் காலையில போலிகிளினிக்கு. காலைப் பாக்குறதுக்குன்னே அங்க ஆள் இருக்கு, தொட்டு, குத்தி, ரத்த ஓட்டம் பாத்து, செத்த தோலைச் சீவி, எல்லாம் செய்வாங்க. அப்படியே சிறுநீரகத்தையும் பாக்கச் சொல்லு. அது கெட்டிருந்தா நான் சொன்ன 75, 90 கணக்கெல்லாம் உனக்கு ஆகாது, எவ்வளவு புரதம்னு அவங்கதான் அளந்து சொல்லணும். தேக்காவுல உக்காந்த கிழவன் சொன்னான்னு போய்ச் சொல்லிராதே, என் பேத்தி மானம் போயிரும்.

என்னது, விராலா? ஆமா, வாய் தவறிச் சொல்லிட்டேன். சீனக் கிழவிக்கும் மலாய்க்காரிக்கும் உங்க அம்மாவுக்கும் கடைசியில ஒத்துப் போற ஒரே மீனு அதுதான். மலாயில ஹாருவான். ஆபரேஷன் முடிஞ்சவன், பிள்ளை பெத்தவ, யாரா இருந்தாலும் சீனக் குடும்பத்துல பப்பாளிக்காய் போட்டு விரால் சூப்பு வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்குல கொண்டு போவாங்க. இந்தோனேசியாவுல அதையே காபுஸ்னு மாத்திரையா அடைச்சு விக்கிறான். மலேசியாவுல மாட் ஜாயிஸ்னு ஒரு விஞ்ஞானி 1994லயே அதுல என்ன கொழுப்பு, என்ன புரதத் துண்டுன்னு பிரிச்சு எழுதினாரு. கொலாஜனுக்கு வேண்டிய கிளைசின் அதுல நல்லா இருக்காம். எலிங்களுக்குப் பலன் கொடுத்திருக்கு. மனுசனுக்கு அதுல தனி மாயம் உண்டான்னு கேட்டா, பேத்தி உதட்டைப் பிதுக்குறா: "நல்ல மீனு தாத்தா, புரதம் நிறைய, அவ்வளவுதான்." அவ்வளவு போதுமே! மூணு இனத்துப் பத்தியத்துக்கும் நடுவுல புரதம் உள்ள நுழையறதுக்கு ஒரு சந்து கிடைச்சிருக்கு, அதை எதுக்கு அடைக்கணும்? உங்க அம்மாகிட்ட முட்டைன்னு சொன்னா சண்டை. விராலுன்னு சொல்லு, தானே அம்மி அரைக்கும்.

அந்தக் கொலாஜன் டப்பாவைத் திறந்திருக்கியா? திறக்கலேன்னா ரசீதோட போய் மாத்தப் பாரு. அந்தக் காசை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் மீன் பகுதிக்குப் போ. விரால் இருந்தா உயிரோட துள்ளுறதாப் பாத்து ஒரு கிலோ. இல்லேன்னா கொடுவாயோ கெளுத்தியோ, காயம் பேரு கேட்டுத் திங்காது. புளியைக் குறைச்சு, மிளகைத் தூக்கலாப் போட்டு குழம்பு வைக்கச் சொல்லு, சாயந்தரம் நானே வந்து பதம் பாக்குறேன். கண்டம் பூரா நீ எடுத்துக்க, காயம் உன்னோடது. தலை மட்டும் எனக்கு வேணும். 1949ல சோபியா ரோட்டுல கோமஸ்னு ஒரு மலையாளத்துக்காரர் மீன்தலைக் கறி வெச்சு விக்க ஆரம்பிச்சாரே, அன்னிலேருந்து இந்த ஊருல தலைக்குத்தான் மதிப்பு. விரால் தலையில என்னென்ன சத்து இருக்குன்னு பேத்திகிட்ட நான் கேட்டதில்ல. கேக்கவும் போறதில்ல.